ஊசியும் நெகிழ்குழாயும்: சத்திரசிகிச்சையில் வடிப்புக் கருவி அமைந்த வரலாறு

உடம்பினுள்ளே தேங்கலாகாத இடத்திற் சீழோ நீரோ குருதியோ தேங்குமாயின் அதனை வெளியேற்றல் வேண்டும் என்பது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டறிந்த உண்மையாகும். வெளியேற்றுதற்கு ஒரு துளை வேண்டும். துளை மூடாதிருத்தற்கு ஒரு குழாய் வேண்டும். சொல்லுமிடத்து இவ்வளவே. ஆனால், துளைக்குங் கருவி கூரியதாயும் வன்மையுடையதாயும் இருத்தல் வேண்டும். உள்ளே தங்குங் கருவியோ மென்மையுடையதாயும் வளைந்து கொடுப்பதாயும் இருத்தல் வேண்டும். இவ்விரு குணங்களும் ஒரே பொருளில் அமைவதில்லை. ஆகவே, வலிய பொருளொன்றையும் மெல்லிய பொருளொன்றையும் ஒருங்கே உள்ளே செலுத்தி, வலியதை மாத்திரம் வெளியே எடுத்து, மெல்லியதை உள்ளே நிற்கச் செய்வது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. ஊசியையும் நெகிழ்குழாயையும் இணைத்து வைத்தியர்களுங் கருவி செய்வோரும் இயற்றிய கருவிகள் யாவும் இவ்வொரு வினாவுக்குக் கூறப்பட்ட விடைகளேயாம்.

யான் மருத்துவனல்லன். வரலாறும் தமிழும் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் நிமோனியாக் காய்ச்சலுக்குப் பின் விலாப்புறத்திற் சீழ் கட்டி வைத்தியசாலையிற் கிடந்தபோது, இருபத்திரண்டு நாட்கள் அவர் கட்டிலருகே இருக்கும்படி நேர்ந்தது. அவருடைய உயிர் விரலளவுங் கனமில்லாத ஒரு குழாயையும் தரையில் வைத்த ஒரு போத்தலையும் நம்பி நின்றமையைக் கண்டபின், அவ்விரண்டும் எவ்வாறு தோன்றின என அறியும் விருப்பம் உண்டாயிற்று. பின்னர் படித்தும் வைத்திய நண்பர்களைக் கேட்டும் அறிந்தவற்றுட் சிலவற்றை இங்கு எழுதுகின்றேன்.

பழைய நூல்களுள் சுசுருத சங்கிதையே இப்பொருளை மிகத் தெளிவாகக் கூறுகின்றது. அந்நூல் நூற்றொரு யந்திரங்களையும் இருபது சத்திரங்களையும் வகுத்துரைக்கும். யந்திரங்களுள் இருபது குழல் வடிவினவாகிய நாடி யந்திரங்கள். வயிற்றில் நீர் தேங்கும் மகோதர நோய்க்குச் செய்யத்தக்க முறையைக் கூறுமிடத்து, கொப்பூழுக்குக் கீழே இடப்புறத்தில், நடுக்கோட்டிலிருந்து நான்கு விரல் விலகி, விரீகிமுகம் என்னுஞ் சத்திரத்தாற் பெருவிரலளவு ஆழத்திற்குத் துளைத்து, இருபுறமும் வாயுள்ள உலோகக் குழலையேனும் பறவையின் இறகுக் குழலையேனும் அத்துளையிற் செலுத்தி நீரை வடிக்கும்படி விதிக்கின்றது. விரீகி என்பது நெல். நெல்மணியின் முனைபோலக் கூரிய வாயுடையது என்பது பெயரின் பொருள். நாற்றுமேடையில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்நூலிற் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியுண்டு. நீர் முழுவதையும் ஒரே நாளில் வடித்துவிடலாகாது எனவும், அங்ஙனம் வடிப்பின் தாகம், சுரம், உடல்நோவு, மூச்சிளைப்பு முதலியன தோன்றும் எனவும், இடையிட்ட நாட்களிற் சிறிது சிறிதாகவே வடித்தல் வேண்டும் எனவும் அது எச்சரிக்கின்றது. தேங்கிய நீரைப் பெருமளவில் விரைந்து வெளியேற்றினாற் குருதியமுக்கம் தாழும் என இக்கால வைத்தியரும் அஞ்சுவர். அதற்கு மாற்றாக இரத்தக் குழாய் வழியே அல்புமின் என்னும் புரதத்தைக் கொடுப்பர். காரணத்தை விளக்கும் முறை வேறாயினும் கண்ட காட்சி ஒன்றே.

கிரேக்க தேசத்திலும் இப்போகிராத்தீசு வழிவந்த வைத்தியர் நெஞ்சறையிற் சீழ் கட்டிய நோயாளியின் விலாவைத் திறந்து தகரக் குழல் வைத்து வடித்தனர். ஆனால், உலோகக் குழலுக்கு ஒரு பெருங்குறை உண்டு. நோயாளி மூச்சுவிடும்போதும் புரளும்போதும் அது அசையாது நிற்கும்; உடம்போ அசையும். அசையும் உடம்பில் அசையாப் பொருள் உறுத்திப் புண்ணை உண்டாக்கும். இறகுக் குழல் இக்குறையைச் சிறிது குறைத்ததேனும் நாட்பட நிலைக்கவில்லை.

ஐரோப்பாவிற் பின்னர் வழங்கிய கருவி துரோக்கார் என்பது. மூன்று பட்டை முனையுடையது என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நடுவிற் கூரிய தண்டும், அதனை இறுகச் சூழ்ந்து கனுலா எனப்படும் புறக்குழலும் அமைந்திருக்கும். இரண்டையும் ஒருசேரக் குத்தி உள்ளே செலுத்தித் தண்டை உருவிவிட்டாற் புறக்குழல் உள்ளே நிற்கும். அதன் வழியே நீர் வடியும். வலியதை எடுத்து மற்றதை நிறுத்தும் உபாயம் இங்கே முழுமையாக உள்ளது. குறை யாதெனில், நிற்பதும் உலோகமே.

அக்குறையைத் தீர்த்தது இறப்பர். இயற்கை இறப்பர் வெயிலில் இளகிக் குளிரில் விறைக்கும். ஆதலாற் கருவிகளுக்கு உதவாது. 1839ஆம் ஆண்டிலே சார்ள்சு கூட்டியர் என்னும் அமெரிக்கர் கந்தகஞ் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்தபின் அது நிலைத்த தன்மை பெற்றது. பாரிசு நகரத்துச் சத்திரவைத்தியராகிய எடுவார் சசெஞ்ஞாக்கு என்பவர் பக்கங்களிலே துளைகளிட்ட இறப்பர்க் குழாய்களைச் சீழ்க்கட்டிகளினுள் வைத்து வடிக்கும் முறையைப் பரப்பி, 1859இல் இதுபற்றி விரிவான நூலொன்றையும் வெளியிட்டார். நமது நாட்டுக்கும் இறப்பருக்குமுள்ள உறவு இதற்குப் பிற்பட்டது. 1876இலேதான் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுக்கள் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்டன.

ஆங்கில நாட்டில் இம்முறை புகழ்பெற்றமைக்குக் காரணமாயமைந்த நிகழ்ச்சி 1871 செப்டெம்பரில் நிகழ்ந்தது. விக்டோரியா மகாராணியாரின் அக்குளில் எழுந்த பெருங்கட்டியை அறுப்பதற்கு யோசேப்பு லிஸ்டர் பல்மோரல் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். கட்டியைத் திறந்து, சீழ் வடிவதற்காகத் துணித்திரியொன்றை வைத்தார். மறுநாட் பார்க்கையில் திரி வடிப்பதற்குப் பதிலாக வாயை அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சீழ் மீண்டும் தேங்கியிருந்தது. லிஸ்டர் தாம் கொண்டுசென்றிருந்த காபோலிக்குத் தெளிகருவியின் இறப்பர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி, பக்கங்களில் துளைகளிட்டு, இரவு முழுவதுங் காபோலிக்கமிலத்தில் ஊறவைத்து மறுநாட் காலை உட்செலுத்தினார். அடுத்த நாள் சீழ் நின்று தெளிந்த நீர் சிறிதே வந்தது. இராணியாரின் உடம்பிற் புதுமுறையொன்றைச் சோதித்த துணிவை நினைக்கும்போது வியப்பாகவே உள்ளது. சசெஞ்ஞாக்கின் நூல் வெளிவந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதே காலத்தில் நம்மவர்க்கும் இக்கலை தமிழிற் கிடைத்துக்கொண்டிருந்தது. மானிப்பாயில் வைத்தியம் புரிந்து தமிழ் மாணவர்க்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன், சத்திரவைத்திய நூலொன்றை இரணவைத்தியம் என்னும் பெயரில் 1867இல் வெளிவரச் செய்தார். துளையூசி, புறக்குழல் போன்ற சொற்களை நான் இங்கு வலிந்து ஆக்குகின்றேனோ என ஐயுறுவோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இம்முயற்சி இம்மண்ணில் நடந்தேறியது என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

புறத்தே எழுந்த கட்டிக்குக் குழாய் மாத்திரம் போதும். வாய் திறந்தேயிருப்பினும் தீங்கில்லை. நெஞ்சறையின் நிலை வேறு. சுவாசப்பையைப் புடைச்சவ்வு என்னும் இரட்டை உறை சூழ்ந்துள்ளது. இரு மடிப்புகளுக்கும் இடையேயுள்ள அமுக்கம் வெளி வளியின் அமுக்கத்திலுங் குறைந்தது. சுவாசப்பை இயல்பிலே சுருங்க முயல்வது. இக்குறையமுக்கமே அதனை விரிந்த நிலையில் இழுத்து வைத்திருக்கின்றது. விலாவிலே துளையிட்டு அதனைத் திறந்து விட்டால், ஒவ்வொரு மூச்சிழுப்பின்போதும் வளி மூக்கு வழியாகச் செல்வதுபோலவே துளை வழியாகவும் உட்செல்லும், சுவாசப்பை சுருங்கும். சீழை எடுக்கப் போய் மூச்சை எடுத்த கதையாக முடியும். ஆதலால், உள்ளிருப்பது வெளியே வரவேண்டும், வெளியிலிருப்பது உள்ளே போகலாகாது என்னும் ஒருவழிப்பாதை இங்கே வேண்டப்படுகின்றது.

1850ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே மொறில் வைமன், என்றி பௌடிச்சு என்னும் இருவர் மெல்லிய துளையூசியோடு உறிஞ்சற் பம்பியை இணைத்துப் புடைச்சவ்வு நீரை எடுத்தனர். 1869இல் பிரெஞ்சு வைத்தியர் தியுலபுவா உறிஞ்சு கருவியொன்றை அமைத்தார். இவை ஒவ்வொரு முறையும் குத்தி எடுத்துவிடுங் கருவிகள். நீர்த்த பொருளுக்கு இவை போதும். சீழோ இன்று எடுத்தால் நாளை மறுபடியும் ஊறும். ஊசியை நாட்கணக்காக உள்ளே விட்டுவைத்தல் இயலாது.

இங்கேதான் ஹாம்பர்க் நகரத்து வைத்தியர் கொட்டார்டு பியூலாவ் என்பவர் நினைக்கத்தக்கவர். அவர் 1875இற் கையாளத் தொடங்கி 1891இல் விளக்கி எழுதிய முறை, மாற்றமுற்ற வடிவிலாயினும், இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. துரோக்காரை விலாவிடையிற் செலுத்தி நடுத்தண்டை உருவுவர். உடனே, நுனி இறுக்கப்பட்ட இறப்பர்க் குழாயைப் புறக்குழலின் வழியே உட்செலுத்துவர். பின்னர் புறக்குழலைக் குழாயின் மேலாகவே மெல்ல வெளியே இழுப்பர். புறக்குழல் தோலைவிட்டு வெளிவந்தும் குழாயின்மேல் வளையம்போலக் கோத்தபடியே நிற்கும். வெளிநுனியிலுள்ள கவ்வி அதனைக் கழலவிடாது. ஆகவே தோலுக்கருகே இரண்டாவது கவ்வியை இட்டபின் முதற் கவ்வியை எடுத்துப் புறக்குழலைக் கழற்றுவர். இவ்வளவு செயலிலும் வளி ஒரு கணமேனும் உட்புக இடமில்லை. இறுதியாகக் குழாயின் வெளிநுனியை நீண்ட இன்னொரு குழாயோடு தொடுத்து, தரையிலுள்ள போத்தலிலே நீருக்குள் அமிழ்த்துவர்.

அந்நீரே வாயில்காப்போன். நீருள் அமிழ்ந்த நுனி மேற்பரப்பிலிருந்து இரண்டு சென்றிமீற்றர் ஆழத்தில் உள்ளதெனக் கொள்வோம். உள்ளிருக்கும் வளி வெளியேற வேண்டுமாயின் இரண்டு சென்றிமீற்றர் நீரை மாத்திரம் தள்ளினாற் போதும். இருமும்போது அது எளிதாகவே குமிழியிட்டு வெளியேறும். மாறாக, நோயாளி மூச்சை இழுக்கும்போது வளி உட்செல்ல முடியாது. நீரே குழாயில் மேலேறும். சாதாரண மூச்சுக்கு அது சில சென்றிமீற்றரே ஏறும். போத்தல் நெஞ்சின் மட்டத்திலிருந்து ஒரு மீற்றரளவு தாழ இருப்பதால் நெஞ்சைச் சென்றடையாது. அதுமாத்திரமன்று; குழாய் நீராலுஞ் சீழாலும் நிறைந்திருக்கையில் அதன் பாரமே கீழ்நோக்கி இழுத்து மெல்லிய உறிஞ்சலை உண்டாக்கும். தோட்டத்துத் தொட்டியிலிருந்து வளைகுழாய் மூலம் நீரெடுக்கும் அதே சைபன் முறை இது.

போத்தல் தாழ இருத்தல் வேண்டும் என்பதன் முதன்மையை யான் புத்தகத்திற் கற்கவில்லை. ஒரு காலைப்பொழுது, என் தமையனாரின் மாமியார் கட்டிலடியைக் கூட்டுவதற்காகப் போத்தலைத் தூக்கி மெத்தையின்மேல் வைத்துவிட்டார். குழாயில் நின்ற நீர் நெஞ்சை நோக்கி நகர்வதை நான் கண்டேன். கண்டும் யாது செய்வதென்று அறியாது நின்றேன். அறையின் மறுகோடியில் நின்ற தாதி, "ஐயோ அம்மா, அதைக் கீழே வையுங்கோ!" என்று கூவியபடி ஓடிவந்து குழாயை விரலால் மடித்துப் பிடித்தாள். பின்னர் கோபமின்றியே மாமியாருக்கு விளக்கினாள்: போத்தல் உயர்ந்தால் அழுக்குநீர் முழுவதும் மருமகனின் நெஞ்சுக்குள்ளேயே திரும்பிவிடும் என்று. அவர் அன்று பகல் முழுவதும் ஒன்றும் உண்ணவில்லை. வளைகுழாயைப் பற்றி எட்டாம் வகுப்பிலே படித்த நானும் வாய்மூடி நின்றேன் என்பதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

மூடிய வடிப்பின் பெருமை அது தோன்றிய உடனே ஒப்புக்கொள்ளப்படவில்லை. விலா எலும்பின் ஒரு துண்டை வெட்டி நெஞ்சறையை அகலத் திறந்து வடிப்பதே பலரின் வழக்கமாயிருந்தது. 1917, 1918ஆம் ஆண்டுகளிலே ஐக்கிய அமெரிக்காவின் படைப்பாசறைகளிலே நிமோனியாவும் இன்புளுவென்சாவும் பரவின. பல்லாயிரம் இளைஞர் நோயுற்றனர். அவர்களுட் பலருக்கு நெஞ்சறையிற் சீழ் கட்டியது. வழக்கப்படி உடனே திறந்து வடித்தபோது நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்தனர். சில பாசறைகளில் அதனிலும் மேல். இதனை ஆராய அமைந்த குழுவில் எவார்ட்சு கிறகாம் என்னும் சத்திரவைத்தியர் முக்கியமானவர். நோயின் தொடக்கத்திற் சீழ் நீர்த்திருக்கும், சுவாசப்பை இன்னும் விலாச்சுவரோடு ஒட்டியிராது, ஆதலால் அப்போது திறத்தல் உயிரைப் போக்கும். மூடிய முறையால் மாத்திரமே வடித்துக் காத்திருந்து, சீழ் தடித்துச் சுவாசப்பை ஒட்டிய பின்னரே திறக்கலாம் என அவர் காட்டினார். இம்முறையைக் கைக்கொண்டபின் இறப்பு நூற்றுக்கு ஐந்தளவிற்கு இறங்கியது. பெனிசிலின் தோன்றுதற்கு முன்னரே நிகழ்ந்த மாற்றம் இது. புதிய மருந்து ஒன்றுமில்லை. குழாயின் வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்னும் வேறுபாடே.

இனிக் குழாயின் பருமனைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். இவற்றை அளக்கும் எண் பாரிசு நகரத்துக் கருவி செய்வோரான சாரியேர் என்பவர் வகுத்தது. ஒரு சாரியேர் என்பது புறவிட்டத்தில் மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு. எனவே பன்னிரண்டாம் எண் குழாய் நான்கு மில்லிமீற்றர் தடிப்புடையது. இருபத்துநான்காம் எண் எட்டு மில்லிமீற்றர். ஊசிகளுக்கோ வேறு கணக்கு. கம்பி இழுப்போர் வழங்கிய அளவை வைத்தியரும் எடுத்தாண்டமையால், எண் ஏற ஏற ஊசி மெலியும். இருபத்தோராம் எண் ஊசி 0.8 மில்லிமீற்றர், பதினான்காம் எண் ஊசி இரண்டு மில்லிமீற்றருக்குச் சிறிது மேல். ஊசியும் குழாயும் ஒன்றுள் ஒன்றாகச் செல்லவேண்டிய ஒரு கருவியிலே இரண்டுக்கும் எதிரெதிரான எண்முறை வழங்குவது விந்தையே. இதனை ஒழுங்குபடுத்த எவருக்கும் மனம் வரவில்லைப் போலும்.

என் தமையனாருக்கு முதலில் இட்டது பன்னிரண்டாம் எண் குழாய். இரண்டு நாள் நன்றாக வடிந்தது. மூன்றாம் நாள் நின்றது. காய்ச்சல் மீண்டும் ஏறிற்று. உறவினர் சிலர் சீழ் முடிந்துவிட்டதென மகிழ்ந்தனர். போத்தலைப் பார்த்த வைத்தியர் மகிழவில்லை. முன்பு மூச்சுக்கேற்ப ஏறியிறங்கிய நீர்மட்டம் அசையாது நின்றமையைக் காட்டி, குழாய் அடைத்துவிட்டது என்றார். எக்ஸ்றேப் படமும் அதனையே காட்டிற்று. அடுத்த நாள் இருபத்துநான்காம் எண் குழாயை இட்டனர்; அன்றே போத்தல் பாதிவரை நிறைந்தது.

இரண்டு மடங்கு தடித்த குழாய் எத்தனை மடங்கு வடிக்கும்? இரண்டு எனப் பலரும், வாயின் பரப்பை எண்ணுவோர் நான்கு எனவும் கூறுவர். விடை பதினாறு. ஒடுங்கிய குழாயிலே திரவம் அமைதியாகச் செல்லும்போது, அதன் பாய்ச்சல் ஆரையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அமையும் என்பது பிரெஞ்சு வைத்தியர் புவாசேய் 1840ஆம் ஆண்டையடுத்துப் பரிசோதனையாற் காட்டிய விதி. உட்டுளை மூன்று மில்லிமீற்றரிலிருந்து நான்காகுமாயினும் பாய்ச்சல் மூன்று மடங்குக்கு மேலாகும். குழாய் நீளுந்தோறும், திரவம் தடிக்குந்தோறும் பாய்ச்சல் குறையும் என்பதும் அவ்விதியின் பகுதியே. எனினும் தடித்த குழாயே எப்போதும் சிறந்தது என முடிவுசெய்தல் தவறு. தடித்த குழாய் விலா எலும்புகளுக்கிடையே நெருக்குண்டு பெரும் நோவைத் தரும். மெல்லிய குழாயை இட்டு, உப்புநீராற் காலந்தவறாது கழுவி வந்தாற் பல நோயாளர்க்கு அதுவே போதும் என இக்கால வைத்தியர் கருதுகின்றனர். கழுவுதல் தவறினால் என்னாகும் என்பதை மேலே கூறினேன்.

கருவியின் அமைப்புக்கு மீள்வோம். புறக்குழலின் வழியே குழாயைச் செலுத்தும் முறையில் ஒரு குறை நீங்கவில்லை. உடம்பில் இடப்படும் துளை புறக்குழலின் பருமனுடையது. உள்ளே நிற்பதோ அதனினும் மெல்லிய குழாய். இடைவெளியாற் கசிவு உண்டாகும். வேறொரு ஆபத்துமுண்டு. கூரிய சாய்வாயுடைய ஊசிக்குள்ளாக மெல்லிய குழாயைச் செலுத்தியபின், குழாயைப் பின்னோக்கி இழுத்தால் ஊசியின் விளிம்பு கத்திபோல அதனை அறுத்துவிடும். அறுந்த துண்டு உள்ளேயே தங்கும். எடுக்க வேண்டுமாயின் ஊசியையும் குழாயையும் ஒருசேரவே எடுத்தல் வேண்டும் என்பது இதனாலேற்பட்ட விதி. மறுதலையாக ஊசியை உள்ளும் குழாயை வெளியுமாக அமைத்தால் இவ்விரு குறைகளும் நீங்கும். ஆனால் தோலைத் துளைக்கும்போது மெல்லிய குழாயின் நுனி சுருண்டு மடியக்கூடும். ஆதலால் நுனியை ஊசியோடு படியும்படி கூம்பாகச் செய்தல் வேண்டும்.

1954ஆம் ஆண்டிலே பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் ஆன்றி ரெடோன் என்பவர் வினாவையே திருப்பிப் போட்டார். வெளியிலிருந்து உள்ளே ஏன் குத்த வேண்டும்? அறுவை செய்து புண் திறந்திருக்கையில் உள்ளிருந்து வெளியே குத்தலாமே! வளைந்த உருக்கு ஊசியின் பின்நுனியிற் குழாயைப் பொருத்தி, அதனைப் புண்ணுக்குள்ளிருந்து சற்றுத் தூரத்திலுள்ள நல்ல தோலின் வழியே வெளியே கொண்டுவருவர். நூலைத் தொடர்ந்திழுக்கும் தையலூசிபோல அது குழாயை இழுத்து வெளிவரும். பின்னர் ஊசியை வெட்டி நீக்கிக் குழாயை வளி நீக்கப்பட்ட போத்தலோடு தொடுப்பர். கூர்முனை எப்போதும் சத்திரவைத்தியரின் கண்முன்னேயே செல்கின்றது. உள்ளுறுப்பை நோக்கிச் செல்வதில்லை. ஊசியும் குழாயும் ஒரே தடிப்புடையன ஆதலால் துளை குழாயை இறுகப் பற்றும், வளி கசியாது, உறிஞ்சல் நிலைக்கும். அறுவைப் புண்ணை விட்டு வேறிடத்தில் வெளிவருவதால் புண்ணின் தையலும் கெடாது. மார்பக அறுவை, மூட்டறுவை முதலியவற்றின் பின் தோலுக்கடியில் தேங்குங் குருதியை உறிஞ்சி, பிரிந்த இழையங்களை ஒன்றோடொன்று படியச் செய்வதற்கு இது மிகவும் ஏற்றது. போத்தலின் வாயிலுள்ள துருத்திபோன்ற இறப்பர் சுருங்கியிருந்தால் உறிஞ்சல் உண்டு, விரிந்துவிட்டால் இல்லை. எழுத்தறியாதவரும் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளம். ஆனால் இத்துணை வலிய உறிஞ்சல் நெஞ்சறைக்கு ஆகாது. அங்கே தேவைப்படின் இருபது சென்றிமீற்றர் நீரளவான உறிஞ்சலே வழக்கம்.

திறந்த புண் இல்லாதவிடத்து ரெடோன் முறை பயன்படாது. அதற்கு விடை சுவீடன் தேசத்திலிருந்து, வேறொரு தேவையின் பொருட்டு வந்தது. ஸ்வென் ஐவார் செல்டிங்கர் என்னுங் கதிர்ப்பட வைத்தியர் நாடிக்குள்ளே குழாய் செலுத்தும் வழியை 1953இல் வெளியிட்டார். மெல்லிய ஊசியாற் குத்துவர். ஊசிக்குள் வளையுங் கம்பியொன்றைச் செலுத்துவர். கம்பியை நிறுத்தி ஊசியை எடுப்பர். பின்னர் கம்பியின் மேலாகக் குழாயைக் கோத்து உள்ளே தள்ளிக் கம்பியை உருவுவர். குத்துவது மெல்லியது, நிற்பது அதனிலும் தடித்தது. வன்மையுடைய ஊசிக்கும் மென்மையுடைய குழாய்க்கும் இடையே, இரண்டுமல்லாத கம்பியொன்று தூது செல்கின்றது. இன்று கேளா ஒலிக்கருவியின் திரையிலே சீழ் உள்ள இடத்தைப் பார்த்தபடியே ஈரலிலும் நெஞ்சறையிலும் இவ்வாறு குழாய் வைக்கின்றனர். உள்ளே சென்றதும் பன்றிவால்போலச் சுருண்டு கொள்ளும் நுனியுடைய குழாய்கள் எளிதிற் கழலா.

பழைய துரோக்கார் முறையில் நெஞ்சறைக் குழாய் இடுவதை இக்காலத்து வைத்தியர் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். வலிந்து தள்ளுங் கூர்முனை விலாச்சுவரின் தடை நீங்கியதும் தன் வேகத்தாலேயே முன்பாய்ந்து சுவாசப்பையையும், சிலவேளை இதயத்தையுங் கூடக் குத்தியதுண்டு. தடித்த குழாய் தேவைப்படின் சிறிதாக வெட்டி, மழுங்கிய கவ்வியால் தசையை விலக்கி, விரலால் உள்ளே தடவிப் பார்த்த பின்னரே செலுத்துவர். விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி நாடியும் நாளமும் நரம்பும் செல்வதால், எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே வழி செய்வர்.

குழாயின் துளைகளையும் பொருளையும் பற்றி ஓரிரு சொற்கள். நுனியில் ஒரு துளை மாத்திரம் இருப்பின் கொழுப்போ சவ்வோ அதிற் படிந்து அடைத்துவிடும். ஆகவே பக்கத்துளைகள் பல வேண்டும். ஆனால் கடைசித் துளை உடம்பின் அறைக்கு வெளியே தங்குமாயின் வளி கசிந்து கருவி முழுவதும் பயனற்றதாகும். இதனை அறிதற்கு, எக்ஸ்றேயிற் தெரியும் கோடொன்றைக் குழாய் நெடுகிலும் பதித்து, கடைசித் துளையிருக்கும் இடத்தில் அக்கோட்டை அறுத்துவிடுகின்றனர். படத்திலே கோடு அறுந்த இடம் விலாவுக்கு உள்ளே தெரிந்தால் நன்று.

சிவந்த இறப்பர் இழையத்தை உறுத்தும்; பொலிவைனைல் குளோரைட் அதனிலும் நன்று; சிலிக்கோன் மிகக் குறைவாகவே உறுத்தும். ஆயினும் உறுத்தலே விரும்பப்படும் இடமும் ஒன்றுண்டு. பித்தக் குழாயில் அறுவை செய்தபின் டி என்னும் எழுத்து வடிவான குழாயொன்றை வைப்பார்கள். அதனைப் பின்னர் உருவும்போது பித்தம் வயிற்றறையிற் சிந்தினால் உயிருக்கே ஆபத்து. இறப்பர்ப் பாலாற் செய்த குழாய் சூழவுள்ள இழையத்தை உறுத்தித் தன்னைச் சுற்றி நார்ச்சுவரொன்றை எழுப்பும். குழாயை உருவிய பின்னரும் பித்தம் அச்சுவருக்குள்ளேயே வழிந்து வெளியேறி, வழி தானே தூர்ந்துவிடும். சிலிக்கோனால் அச்சுவர் நன்கு எழுவதில்லை. இதனாலேயே அவ்விடத்துக்கு இறப்பரை விரும்புகின்றனர்.

என் தமையனாரின் குழாயைப் பத்தொன்பதாம் நாள் எடுத்தனர். முன்னிரு நாட்களும் போத்தலில் வந்தது சில தேக்கரண்டித் தெளிநீரே. நீர்மட்டம் மறுபடியும் அசைவற்று நின்றது. மூன்றாம் நாள் அசைவற்று நின்றபோது அது அடைப்பின் அடையாளம். இப்போதோ சுவாசப்பை முழுதும் விரிந்து விலாவோடு படிந்தமையின் அடையாளம். எக்ஸ்றேப் படத்தை வெளிச்சத்திற் பிடித்து வைத்தியர் அவ்வேறுபாட்டை எங்களுக்குக் காட்டினார். பின்னர் தாதி தமையனாரை மூச்சை உள்ளிழுத்து அடக்கும்படி சொன்னாள். அவர் அடக்கினார், நாங்களும் அடக்கினோம். வைத்தியர் குழாயை ஒரே இழுப்பில் உருவ, முன்பே இட்டு வைத்திருந்த நூலைத் தாதி முடிச்சிட்டாள். அவர் விலாவில் இப்போது இரண்டு தழும்புகள் உள்ளன. ஒன்று பயற்றங்காயின் விதையளவு, மற்றது புளியங்கொட்டையளவு.